கட்டைவிரல் இல்லாத கைக்கு ஒரு கத்தி

திருச்சுழி
10.4.2025

அன்புள்ள சேக்கு மாப்பிள்ளைக்கு,

மொக்கையன் எழுதுவது. கிழித்துப் போடுவதற்கு முன் ஒருதரம் படித்துவிடு. நான் ஏழாம் வகுப்பு. உலைக்கு முன்னால் நாளெல்லாம் நின்றால்கூட இவ்வளவு வேர்க்காது, ஒரு பக்கம் எழுதுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். சரி, அது என் தலையெழுத்து. தங்கலட்சுமி போனிலிருந்து அடித்தேன். "அலோ" என்றதும் அதையும் அடைத்துவிட்டாய். என்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர அவள் என்ன பாவம் செய்தாள்?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அப்போதுதான் இதில் என் தப்பு எது, உன் முன்கோபம் எது என்று பிரிக்க முடியும்.

தை மாதம் ஆடு ஏற்றும்போது மினி லாரியின் பின்கதவு உன் வலது கட்டைவிரலைக் கொண்டுபோனது. எலும்பு முறிவுதான், ஆறிவிடும் என்று ஊருக்குச் சொல்லிக் கட்டோடு திரிந்தாய். கட்டுக்குள்ளே விரலே இல்லை என்பது உன் வீட்டுக்காரி ஜைனப் தங்கச்சிக்கும் எனக்கும்தான் தெரியும். "மொக்கை, கட்டைவெரல் இல்லாமப் பிடிக்கிற மாதிரி ஒரு கத்தி அடிச்சுத் தாடா. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள நான் கத்தியைத் தொடணும்" என்று நீதான் பட்டறைக்கு வந்து கேட்டாய். கரிசல் மண்ணைப் பிசைந்து வைத்தேன். கட்டை அவிழ்த்து அதில் கையைப் பதித்தாய். அந்த அச்சை வைத்துத்தான் அடித்தேன்.

அடித்தது என்ன சாதாரணக் கத்தியா? லாரிப் பட்டையையும் ரம்பத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, இரண்டும் ஒன்றாகிற வரைக்கும் அடித்து, மடித்து, திரும்ப அடித்து, கடைசியில் ஆசிட்டில் முக்கினால் கண்மாய்த் தண்ணீரில் காற்று ஓடுகிற மாதிரி வரி வரியாகத் தெரியுமே, டமாஸ்கஸ், அந்தக் கத்தி. டிராக்டர் கலப்பைக்குக் கொழு அடித்துத்தான் சோறு தின்கிறேன். ஆனால் இந்த வரிக் கத்தியைப் பார்த்துத்தான் நாலு பேர் என்னை 'சார்' என்கிறான்.

கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து புறங்கையைச் சுற்றி வரும். ஆள்காட்டி விரலுக்கு ஒரு வளையம். எனக்கே அந்த வடிவத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அதனால் பேஸ்புக்கில் நான் இருக்கிற 'கத்திப் பிரியர்கள்' குழுவில் படத்தைப் போட்டுக் கருத்துக் கேட்டேன். நாலாயிரம் பேர் இருக்கிற குழு. கேட்டது தப்பா? பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்தால்கூட நாலு பேரைக் கேட்கிறோம்.

சென்னையில் கத்தி சேர்த்து வைக்கிற ஒரு பெரியவர் 'வரி அற்புதம், வடிவம் அபத்தம்' என்றார். அவர் எழுதியதில் பாதி எனக்குப் புரியவில்லை. அபத்தம் மட்டும் நன்றாகப் புரிந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், இது ரவுடிகள் வைத்துக்கொள்கிற சாமான், போலீஸு பிடிக்கும் என்றார். ஒருத்தன் 'பஸ்ஸுல தொங்குற கைப்பிடியைப் பிடுங்கிட்டு வந்துட்டாரா?' என்று கேட்டான். இன்னொருத்தன் 'அடிச்சவரு அன்னைக்குத் தண்ணியில இருந்தாரோ?' என்றான். நான் தண்ணி போட்டால் கத்தி நேராக வரும், அது வேறு கதை. சுவரில் மாட்ட அழகாக இருக்கும் என்று ஒருவர் பாராட்டினார். அந்தப் பாராட்டுதான் ரொம்பச் சுட்டது.

கோபம் வந்துவிட்டது. தங்கலட்சுமியின் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, என் கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டி, அந்தக் கத்தியால் வாழைத்தண்டையும் பேப்பரையும் சீவி ஒரு வீடியோ போட்டேன். "கட்டைவெரல் இல்லாத ஒரு மனுசனுக்குச் செஞ்சதுய்யா இது. வீரசோழன்ல கறிக்கடை வச்சிருக்கான் எங்க மாப்ளே. கிண்டல் பண்றவன் வந்து அவன் கையைப் பாருங்க" என்றேன். பேர் சொல்லவில்லை மாப்பிள்ளை. சத்தியமாகச் சொல்லவில்லை. வீரசோழனில் கட்டைவிரல் இல்லாத கறிக்கடைக்காரன் எத்தனை பேர் இருப்பான் என்று அந்த நேரத்தில் எனக்கு ஓடவில்லை.

அதற்கப்புறம் பார், கிண்டல் பண்ணியவனெல்லாம் கும்பிட்டான். கண்ணில் தண்ணி வந்துவிட்டதாம். நான் பட்டறையில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். இரண்டு நாள்தான். அதற்குள் நீ அடைத்துவிட்டாய்.

கத்தி இங்கேதான் இருக்கிறது. எப்போது வருகிறாய்? கோபத்தோடு வந்தாலும் சரி. கோபத்துக்கு பஸ்ஸில் தனி டிக்கெட் கேட்க மாட்டான்.

மொக்கையன்

*

வீரசோழன்
19.4.2025

மொக்கையனுக்கு,

பேனாவை இரண்டு விரலுக்கு நடுவில் செருகி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். நீளமாக எழுத முடியாது. எழுதவும் பிடிக்கவில்லை.

உன் வீடியோவை டீக்கடையில் வைத்து எனக்குக் காட்டினார்கள். காட்டியவர் நல்ல எண்ணத்தில்தான் காட்டினார். "பாய், ஒங்களைப் பத்தி எவ்வளவு பெருமையாப் பேசுறாரு பாருங்க" என்றார். கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு முழுசும் பார்த்தேன்.

வாழைத்தண்டு சீவுகிறாய். பேப்பர் சீவுகிறாய். கடைசியில் சேலைத் துணியை அவிழ்த்து, கட்டைவிரலை மடக்கி நீட்டி, "அப்பாடா, மரத்துப்போச்சு" என்று சிரிக்கிறாய். அதுவரை எனக்குக் கோபம் இல்லை. அதற்கப்புறம்தான்.

இப்போது கடைக்குக் கறி வாங்க வருகிறவர்கள் கறியைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் வருசா வருசம் பெருநாளுக்குக் குர்பான் ஆடு அறுக்க என்னைக் கூப்பிடுகிற வீடுகள் அத்தனையும் இந்த வருசம் முஸாஃபரிடம் சொல்லிவிட்டன. என் கடையில் என்னோடு நிற்கிறாரே, அந்த முஸாஃபர். "பாய், நீங்க இந்த வருசம் ரெஸ்ட் எடுங்க" என்கிறார்கள். அன்பாகச் சொல்கிறார்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம்.

கத்தி எனக்கு வேண்டாம். உடைத்துவிடு. எப்படி உடைப்பது என்று அந்த நாலாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டுக்கொள்.

சேக் முகம்மது

*

திருச்சுழி
28.4.2025

சேக்கு,

உன் கடிதம் வந்ததும் தங்கலட்சுமி வாசித்தாள். துணியை அவிழ்க்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல்தரம். பிறகு உன் கோணல் எழுத்தை நானே எழுத்துக்கூட்டி அந்த இடத்தை மட்டும் வாசித்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

உடைக்கச் சொன்னாய். உடைக்கத்தான் எடுத்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

குழுவில் ரோஷினி என்று ஒரு பொண்ணு. மதுரையில் ஏதோ ஹோட்டலில் சமையல்காரி. எல்லாரும் என் வீடியோவுக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தபோது அது மட்டும் எழுதியிருந்தது: 'காய்ந்த கையில் வாழைத்தண்டு யார் வேண்டுமானாலும் சீவலாம். கொழுப்பு பட்ட கையில் பிடித்துப் பார்த்தீர்களா? கட்டைவிரல் பிடிக்கிறதற்கு மட்டும் இல்லை, நிறுத்துவதற்கும். இதில் நிறுத்துவதற்கு எதுவும் இல்லையே.' அதைத் திட்டி நாற்பது பேர் எழுதினார்கள். நல்ல மனுசனைக் குறை சொல்கிறாயா என்று. நல்ல மனுசன் என்றால் நான்.

எனக்கும் ஆத்திரம். நிரூபிக்கிறேன் பார் என்று, ஆட்டுக்கொழுப்பு வாங்கிவந்து கையில் தேய்த்துக்கொண்டு, கட்டைவிரலைக் கட்டிக்கொண்டு, எலும்போடு இருக்கிற தொடைக்கறியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கை வழுக்கிக் கைப்பிடியைத் தாண்டி அலகுக்குப் போய்விட்டது. இரண்டு விரலில் தையல். ஆஸ்பத்திரியில் தங்கலட்சுமிக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "கட்டைவெரல் இல்லாதவுகளுக்குக் கத்தி அடிச்சாச்சு. இனி மத்த வெரல் இல்லாதவுகளுக்கும் அடிக்கிறதா உத்தேசமா?" என்று டாக்டரம்மாவுக்கு முன்னாலேயே கேட்டாள்.

அந்தக் கத்தியை நீ பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். உனக்கு மிச்சம் இருப்பது நாலு. என் கணக்கில் அது வந்திருக்கும்.

பெங்களூரிலிருந்து ஒருவர் அந்தக் கத்தியை விலைக்குக் கேட்கிறார். எவ்வளவு என்று எழுத மாட்டேன். எழுதினால் நீயே விற்கச் சொல்லிவிடுவாய்.

இந்தக் கடிதத்தோடு சாக்கில் சுற்றி ஒரு மரக்கத்தி இருக்கும். வீரசோழன் பஸ்ஸு டிரைவர் முத்துராமலிங்கத்திடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். அதே அளவு, அதே வளைவு. வெட்டாது, பயப்படாதே. கையில் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஒருதரம் பிடித்துப் பார். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று எழுது. திட்டி எழுது, பரவாயில்லை. ஆனால் கத்தியைத் திட்டு. என்னைத் திட்டினால் எனக்கு எதையும் திருத்தத் தெரியாது.

மொக்கையன்

*

வீரசோழன்
7.5.2025

மொக்கையனுக்கு,

மரக்கத்தி வந்தது. அலமாரிக்கு மேல் போட்டுவிட்டேன். ஜைனப்தான் எடுத்துவந்து, நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் என் உள்ளங்கையில் கொழுப்பைத் தேய்த்துக் கத்தியைத் திணித்துவிட்டாள். "ஒங்க கூட்டாளிக்கு ரெண்டு வெரலு போச்சாம், பாவம்" என்றாள். போகவில்லை, தையல்தான் என்று அவளுக்குத் தெரியும்.

நாலாயிரம் பேரைக் கேட்டாய். என்னைக் கேட்கவில்லை. மண்ணில் கையை வை என்றாய், வைத்தேன். அதோடு சரி. மண்ணில் கை சும்மா இருக்கும். அறுக்கிற கை சும்மா இருக்காது. எது எப்போது இறுகும், எது எப்போது விடும் என்று அந்த அச்சில் எங்கே இருக்கிறது?

இப்போது கேட்டாய். சொல்கிறேன்.

அந்த வளையம் வேண்டாம். ஆட்டின் கழுத்தில் கத்தி வைக்கும்போது என் கண் கழுத்தைப் பார்க்காது. கட்டைவிரல்தான் பார்க்கும். அலகின் முதுகில் அது படுத்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்குத்தான் தெரியும். அது போய்விட்டது. இனி அந்த வேலையை ஆள்காட்டி விரல் பழக வேண்டும். நீ அதைக் கொண்டுபோய் வளையத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறாய். முதுகில் அது நீட்டிப் படுக்க இடம் வேண்டும்.

பிடிப்பது சுண்டுவிரலும் மோதிர விரலும்தான். அந்த இடத்தில் கைப்பிடி தடிமனாக இருக்கட்டும். கடைசி முனை மணிக்கட்டு எலும்பில் முட்டி நிற்க வேண்டும். கை முன்னால் போகாமல் தடுக்க ஒரு மேடு வேண்டும். ஆட்டுக்கொம்பெல்லாம் வேண்டாம்.

வரியும் வேண்டாம். போன வருசம் நீ எனக்குக் கொடுத்த சின்னக் கத்தியில் ஆசிட் தின்ற வரிக்குள் கொழுப்பு ஏறி நாற்றம் வந்தது. உன் மனசு நோகும் என்று சொல்லவில்லை. இப்போது சொல்வதற்கு என்ன.

இன்னொன்று. இது ஜைனபுக்கும் முஸாஃபருக்கும் மட்டும் தெரியும்.

உன் வீடியோ வருவதற்கு முன்னால், பங்குனியில், என் பழைய கத்தியை எடுத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு சேவலை அறுத்துப் பார்த்தேன். கத்தி திரும்பிவிட்டது. பாதியில் நின்றுவிட்டது. சேவல் அப்படியே கையை விட்டு ஓடியது. ஜைனப் அதன் மேல் கூடையைக் கவிழ்த்தாள். கூடைக்குள் அது அடித்துக்கொள்கிற சத்தம். எனக்குக் கூடையைத் தூக்கத் தைரியம் வரவில்லை. முஸாஃபர் ஓடிவந்து முடித்தார். ஹராம் ஆகிவிட்டது, தின்னக் கூடாது என்று புதைத்தோம்.

இருபது வருசத்துக்கு மேலாக அறுக்கிறேன். ஒரு உயிரையும் நான் அப்படித் தவிக்க வைத்ததில்லை. அறுக்கிறவன் செய்யவேண்டிய முதல் நல்ல காரியமே அதுதான். அதற்கு வலிக்காமல் முடிப்பது.

அதனால் அந்த வீடுகளெல்லாம் முஸாஃபரிடம் போனது சரிதான். எனக்கு வெட்கம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெட்கம் இல்லை. பயம்.

அடிக்கிறதென்றால் அடி. வாங்கிக்கொள்வேன் என்று நான் சொல்லவில்லை.

சேக் முகம்மது

*

திருச்சுழி
22.5.2025

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, அதைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். சேவல் கதை இருக்கிற பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். இங்கே கொழு வாங்க வருகிறவனுக்கெல்லாம் வாசிக்கத் தெரியும், என்னை மாதிரி இல்லை.

புதுக் கத்திக்குப் புது இரும்பு எடுக்கவில்லை. பழையதையே உலையில் போட்டேன். நாலாயிரம் பேர் பார்த்த கத்தி. வளையத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பழுக்கக் காய்ச்சி மடித்து அடித்தேன். பெங்களூர்க்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: 'சார், கத்தி இப்போது உலையில் இருக்கிறது.' அவர் என்னைக் காட்டுமிராண்டி என்று எழுதினார். அபத்தத்துக்கு இது தேவலை.

ஆசிட்டில் முக்கவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன். பார்ப்பவனுக்கு டவுனு பாத்திரக்கடையில் வாங்கியது மாதிரி இருக்கும். வரி உள்ளே இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆசிட்டைக் கிட்டே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஓரத்தில் மட்டும் முக்கலாமா என்று கை அரித்தது. உன் சின்னக் கத்தியின் நாற்றத்தை நினைத்துக்கொண்டேன். அரிப்பு நின்றுவிட்டது.

குழுவில் படம் கேட்கிறார்கள். போடவில்லை. அந்த ரோஷினிப் பொண்ணுக்கு மட்டும், நீ சொன்னதுதான் சரி என்று எழுதினேன். 'நீங்கள் சொல்கிறவரை எனக்கே சந்தேகம்தான் அண்ணா' என்றது. வீடியோவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். அதற்குள் எத்தனை பேர் இறக்கி வைத்துக்கொண்டானோ. இரும்பாக இருந்தால் திரும்பக் காய்ச்சி அடிப்பேன். அது இரும்பு இல்லை.

ஒரு விஷயம் உண்மையாகச் சொல்லவேண்டும். இந்தக் கத்தியை நான் அறுத்துப் பார்க்கவில்லை. அறுத்துப் பார்க்க வேண்டும் என்றால் கட்டைவிரலைக் கட்ட வேண்டும். கட்டினால் அவிழ்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. அறுத்துப் பார்க்காமல் பட்டறையை விட்டு வெளியே போகிற முதல் கத்தி இதுதான். நிற்குமா என்று எனக்குத் தெரியாது. ராத்தூக்கம் இல்லை.

டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். "என்னண்ணே, பழங்கணக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிடிக்கவில்லை என்றால் கிணற்றில் போடு. பதில் மட்டும் போடு.

மொக்கையன்

*

வீரசோழன்
8.6.2025

மொக்கை,

நேற்று பெருநாள் முடிந்தது. அதற்காகத்தான் பதில் போடாமல் இருந்தேன்.

கத்தி வந்த நாளிலிருந்து கடையில் கறி போட்டுப் பழகினேன். கறிக்கு நிற்கிறது. கொழுப்பிலும் நிற்கிறது. ஆனால் உயிருக்கு நிற்குமா என்று கறி சொல்லாது. அதனால் முடிவு பண்ணிவிட்டேன். எங்கள் வீட்டு ஆட்டையும் முஸாஃபரே அறுக்கட்டும், உன் கத்தியால் அறுக்கட்டும். உனக்கு அந்த மரியாதை போதும் என்று நினைத்தேன்.

தொழுகை முடிந்து வந்தோம். ஆட்டை மக்கா இருக்கிற திசையில், கிப்லாப் பக்கம் கிடத்தினார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். எதிர்வீட்டு நசீமா போனைத் தூக்கினாள். ஜைனப் போய் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முஸாஃபர் கத்தியைக் கையில் எடுத்தார். திருப்பினார். இன்னொரு மாதிரித் திருப்பினார்.

"பாய், கையில நிக்க மாட்டேங்குதே. கட்டைவெரலை எங்க வைக்கணும்?"

"வைக்க எடம் இல்ல."

"அப்ப எப்படிப் பிடிக்கிறது?"

அவர் கட்டைவிரல் அங்கேயும் இங்கேயும் போய் முட்டிக்கொண்டு நின்றது. எங்கே வைத்தாலும் தடை. தன்னுடைய கத்தியை எடுத்துவர வெளியே ஆள் அனுப்பப் பார்த்தார். ஆட்டைக் கிடத்திவிட்டுக் காக்க வைக்கக் கூடாது. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் வளர்ந்தது, என் கையில் தழை தின்றது.

வாங்கிவிட்டேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்தக் கூடைச் சத்தம்தான் கேட்டிருக்கும்.

பிஸ்மி சொன்னேன். ஆள்காட்டி விரல் முதுகில் படுத்தது. பார்த்தது. ஒரே இழுப்பு. அது ஒரு சத்தமும் போடவில்லை.

அப்புறம் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். தெருவில் இரண்டு வீட்டிலிருந்து வந்து, "பாய், எங்க வீட்டுக்கும் வந்துருங்களேன்" என்றார்கள். அடுத்த வருசம் பார்ப்போம் என்றேன். சொல்லும்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஒன்று சரியாக வந்துவிட்டது. இன்னொன்றும் அப்படி வருமா என்று யார் சொல்வது? அந்தப் பயம் போகவில்லை. போகக் கூடாது என்றும் தோன்றுகிறது.

வீடியோவுக்கு உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. டீக்கடையில் இன்னமும் அதை யாராவது பார்க்கிறார்கள். உன்னைப் போனில் திறந்துவிட்டேன். ஒரு மாதத்துக்குக் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் சிரித்துவிடுவேன், அதற்கு எனக்கு இன்னும் மனசு இல்லை.

டிரைவரிடம் கறி கொடுத்துவிட்டிருக்கிறேன். கூட்டாளிக்கு என்று ஒதுக்கிய பங்கு. இந்தக் கத்தியால் போட்டது. தங்கலட்சுமி தங்கச்சியைச் சாயங்காலத்துக்குள் அடுப்பில் ஏற்றச் சொல்.

கத்தியைப் பற்றி என் கருத்து: பின்முனை ஒரு நெல் அளவுக்கு நீளம். வேர்த்தால் மணிக்கட்டில் உறுத்துகிறது. தேய்த்துக் கொடு. மற்றபடி குறை இல்லை.

இனிமேல் இந்தக் கத்தியைப் பற்றிக் கட்டைவிரல் உள்ள யாரிடமும் கருத்துக் கேட்காதே.

சேக்கு